மண்வெட்டிக்கும் ஒரு மேரை - ஒரகடம் பக்கத்துக் கைக்கருவிகளின் கதை

ஒரகடம் என்றால் உடனே ஞாபகத்துக்கு வருவது என்ன? கார், லாரி, புல்லட், டயர். சிங்கப்பெருமாள் கோயிலில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டில் பஸ்ஸில் உட்கார்ந்தால் ஜன்னலுக்கு வெளியே கம்பெனி காம்பவுண்டு சுவர்தான் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த ஏரியாவின் தொழில் வரலாற்றை யாராவது எழுதினால், 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளியே வந்த கதையில்தான் ஆரம்பிப்பார்கள்.

ஆனால் 2022-ல் ஒரு சுவாரசியமான விஷயம் நடந்தது. ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டு என்று ஒரு கிராமம். அங்கே இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது கல்லால் ஆன கைக்கருவிகள் கிடைத்தன. வெட்டுவதற்கு, சுரண்டுவதற்கு என்று விதவிதமாக. அவை சுமார் 12 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தையவை, அந்த இடத்திலேயே செய்யப்பட்டிருக்கலாம் என்று அப்போது ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். அப்படிப் பார்த்தால் ஒரகடத்தின் முதல் ஃபாக்டரி ஒரு கைக்கருவி ஃபாக்டரி! இன்னும் கொஞ்சம் கிழக்கே பல்லாவரத்துக்குப் போனால், 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரி. இந்தியாவின் பழைய கற்காலம் என்ற பாடமே அந்த ஒரு கல்லில் இருந்துதான் தொடங்குகிறது.

கல் கருவியில் ஒரு வசதி உண்டு. உடைந்தால் இன்னொரு கல்லை எடுத்துத் தட்டிக்கொள்ளலாம். இரும்பு வந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. இரும்புக் கருவியைச் செய்ய ஒருவர் வேண்டும், கெட்டுப்போனால் சரி செய்யவும் ஒருவர் வேண்டும். அவர் எங்கே இருப்பார்? அவருக்கு யார் கூலி கொடுப்பது? இந்தக் கட்டுரையின் மேட்டர் இதுதான். ஒரு மண்வெட்டி எத்தனை வருஷம் உழைக்கும் என்பதைப் பாதிதான் அதன் இரும்பு தீர்மானிக்கிறது. மீதிப் பாதியைத் தீர்மானிப்பது பக்கத்தில் பட்டறை இருக்கிறதா இல்லையா என்பது.

முதலில் மண்வெட்டியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டுத் தோட்டத்தில் இது இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. பாத்தி கட்ட, வாய்க்கால் திருப்ப, மண் அணைக்க, வரப்பு வெட்ட, எரு அள்ள... எல்லாவற்றுக்கும் ஒரே கருவி. வெள்ளைக்காரர்களின் தோட்டத்து ஸ்பேடு காலால் மிதித்து இறக்குவது, அதற்குக் கனமான பூட்ஸ் வேண்டும். வெறுங்காலோடு சேற்றில் நிற்கிறவருக்கு இழுத்து வெட்டுகிற கருவிதான் சரி. இந்த வித்தியாசம் கம்பெனிக்காரர்களுக்கு எவ்வளவு புதிதாக இருந்தது என்றால், பெயரையே அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மண்வெட்டி, பேச்சு வழக்கில் 'மம்முட்டி' ஆகி, அதுவே 'மமூட்டி' என்று ஆங்கிலத்துக்குப் போனது. 1886-ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அதற்குத் தனிப் பதிவே இருக்கிறது. (கேரளத்து நடிகருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை :))

தோட்டமும் இந்தப் பக்கத்துக்குப் புதிது கிடையாது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள். அந்தத் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஏரி வாரியம் ஒன்று, தோட்ட வாரியம் இன்னொன்று. தோட்டத்துக்கென்று தனி வாரியம் வைத்த ஊர்களில் மண்வெட்டி, களைக்கொட்டு, அரிவாள், கடப்பாரை எல்லாம் சும்மாவா இருந்திருக்கும்?

அவற்றைப் பழுது பார்த்தவருக்கு எப்படிக் கூலி போனது என்பதற்கு இதே மண்ணில் அருமையான ஆதாரம் இருக்கிறது. 1763-ல் ஆற்காட்டு நவாப் இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். செங்கல்பட்டு ஜாகீர் என்று பெயர். ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் எல்லாம் அதற்குள் அடக்கம். 'நமக்குக் கிடைத்த ஊர்களில் என்னதான் இருக்கிறது' என்று தெரிந்துகொள்ள தாமஸ் பர்னார்டு என்ற இன்ஜினியரை வைத்து 1767 முதல் 1774 வரை சர்வே எடுத்தார்கள். சுமார் 2000 ஊர்கள்! எத்தனை வீடு, எவ்வளவு நிலம், எத்தனை ஏரி, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு என்று ஊர் ஊராகக் கணக்கு. இந்தக் கணக்குகள் ஆவணக் காப்பகத்தில் தூங்கிக்கொண்டிருந்தன. காந்தியவாதி தரம்பால் 1960களில் அவற்றைக் கண்டெடுத்துப் பேச ஆரம்பித்தார். இந்த வட்டாரத்து ஊர்க்கணக்கு ஓலைச்சுவடிகள் சில பின்னாளில் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்தக் கணக்குகளில் தெரிகிற ஏற்பாடு இதுதான். அறுவடை முடிந்து நெல் களத்துக்கு வரும். சர்க்காருக்கு எவ்வளவு, பயிரிட்டவருக்கு எவ்வளவு என்று பிரிப்பதற்கு முன்னாலேயே பொதுக்குவியலில் இருந்து சில பங்குகள் தனியே எடுக்கப்படும். கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தலையாரிக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு. அந்த வரிசையில் கொல்லருக்கும் தச்சருக்கும் பங்கு உண்டு. இதற்குப் பெயர் மேரை, சுதந்திரம். சிலருக்கு இதோடு மானியமாக நிலமும் உண்டு.

பதிலுக்குக் கொல்லர் வருஷம் முழுக்க ஊரின் கருவிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கொழு மழுங்கினால் காய்ச்சி அடித்துத் தரவேண்டும், அரிவாளுக்குக் கருக்கு வெட்ட வேண்டும், மண்வெட்டி வாய் தேய்ந்தால் உருக்கு வைத்துத் தரவேண்டும். பிடி உடைந்தால் தச்சர் மாற்றுவார். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகக் காசு எண்ணுவது கிடையாது.

பி.காம் படிக்கிறவர்களுக்கு இது உடனே பிடிபட்டுவிடும். ஏ.எம்.சி! ஜெராக்ஸ் மெஷினுக்கும் ஏசிக்கும் போடுகிற வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்தான். அதுவும் கெட்டிக்காரத்தனமான ஒப்பந்தம். கொல்லரின் வருமானம் விளைச்சலைப் பொறுத்தது. எத்தனை மண்வெட்டி விற்றார் என்பதைப் பொறுத்தது இல்லை. அப்படியிருக்கையில் சீக்கிரம் உடைகிற மாதிரி ஒரு கருவியைச் செய்து கொடுத்தால் யாருக்கு நஷ்டம்? அவருக்கேதான். அடுத்த வாரம் அதே மண்வெட்டி அவர் உலைக்குத் திரும்பி வரும், கூடுதல் கூலி கிடையாது. உழைக்கிற கருவி செய்வதுதான் அவருக்கு லாபம். இன்றைய கடைக்கணக்கில் இது தலைகீழ். உடைந்தால் புதுசு விற்கும்.

ஆனால் இதை ஒரேயடியாகப் புகழ்ந்து தள்ளவும் முடியாது. யார் கொல்லர், யார் தச்சர் என்பது பிறப்பிலேயே முடிவாகிவிட்ட ஏற்பாடு இது. இன்னும் பெரிய விஷயம், மண்வெட்டியைக் கையில் பிடித்து வேலை செய்தவர்கள் யார் என்பது. மிராசு உரிமை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் சேற்றில் இறங்கவில்லை. வெட்டியது, கட்டியது, களை பறித்தது எல்லாம் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பண்ணையாட்கள். அவர்களுக்கு நிலத்திலும் உரிமை இல்லை, பல இடங்களில் குடியிருந்த மனையிலும் உரிமை இல்லை. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் இவர்கள் நிலைமையைப் பற்றி எழுதிய அறிக்கைதான் 1892-ல் அரசு நிலம் ஒதுக்கக் காரணமாக இருந்தது. இன்றைக்கும் வழக்கும் போராட்டமுமாக இருக்கிற 'பஞ்சமி நிலம்' அங்கிருந்து வந்ததுதான். மண்வெட்டிக்கு ஆண்டு முழுக்கப் பராமரிப்பு உறுதி. அதைப் பிடித்த கைக்கு அந்த உறுதி இல்லை.

இனி சைதாப்பேட்டைக்கு வருவோம். ஃபூட் பல்லாவரத்தில் கல்லைக் குனிந்து எடுத்த அதே காலத்தில், மெட்ராஸ் கவர்னர் சர் வில்லியம் டெனிசனுக்கு வேறு ஒரு யோசனை. இந்த ஜனங்கள் இன்னும் பழைய கருவிகளையே வைத்துக்கொண்டிருக்கிறார்களே, இங்கிலாந்தில் இருந்து நல்ல கருவிகளை இறக்கினால் என்ன? 1863-64-ல் நீராவிக் கலப்பை, கதிரடிக்கும் மெஷின், தூற்றும் மெஷின் எல்லாம் கப்பலில் வந்தன. அவற்றைச் சோதித்துப் பார்க்க 1865-ல் சைதாப்பேட்டையில் சோதனைப் பண்ணை தொடங்கப்பட்டது. 1868-ல் ஒரு விவசாயப் பள்ளியும் வந்தது. அது 1906-ல் கோவைக்கு மாறி, இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. அந்த வகையில் பண்ணை வீண் போகவில்லை. ஆனால் நீராவிக் கலப்பை? துண்டு துண்டான வயல், ஏரிப்பாசனச் சேறு, சிறு விவசாயியின் கைக்கு எட்டாத விலை... அது மெட்ராஸ் விவசாயியிடம் போய்ச் சேரவே இல்லை.

இதில் விலை மட்டும் பிரச்சினை இல்லை. அந்த மெஷினில் ஒரு பல் உடைந்தால் இங்கிலாந்தில் இருந்துதான் வரவேண்டும். மண்வெட்டி உடைந்தால் தெருக்கோடிக்குப் போனால் போதும். 1893-ல் இந்திய விவசாயம் பற்றிப் பெரிய அறிக்கை கொடுத்த வேதியியல் நிபுணர் வோல்க்கரும், இருக்கிற நிலைமையில் இந்தக் கருவிகளை மேம்படுத்த அதிக இடம் இல்லை என்ற முடிவுக்குத்தான் வந்தார். லண்டனில் இருந்து 'சீர்திருத்த' அனுப்பப்பட்ட மனிதர் அவர் என்பதை மறக்கக் கூடாது.

கருவி மாறவில்லை, ஆனால் அதற்குள் இருந்த இரும்பு மாறியது. சேலம் கஞ்சமலைப் பக்கத்தில் கரி போட்டு ஊதுகிற சிறு உலைகளில் உருக்கிய இரும்பு தமிழ்நாட்டுக் கொல்லர்களுக்குப் பல நூற்றாண்டுகளாக வந்துகொண்டிருந்தது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி அதிகாரி இதைப் பெரிய அளவில் செய்து காட்டுகிறேன் என்று வேலையை விட்டுவிட்டு 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். உலைக்குக் கரி போட்டு மாளவில்லை, கடன் மேல் கடன். கடைசியில் மனிதர் இங்கிலாந்து திரும்பினார். 1839-ல் உருக்கில் மாங்கனீசு சேர்க்கிற முறைக்கு காப்புரிமை வாங்கினார், அதை ஷெஃபீல்டு உருக்காலைகள் பயன்படுத்திக்கொள்ள, கோர்ட்டுக்கு அலைந்தே இறந்துபோனார். அவர் கதையைத் தனிப் பதிவாகவே எழுதலாம். இந்தப் பக்கம் இங்கிலாந்து இரும்பு மலிவாக வந்து இறங்கியது. 1882-ல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்ததும் காட்டில் கரி சுடுவதும் கஷ்டமாயிற்று. சிறு உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கொல்லர் இருந்தார், அவருக்குப் பக்கத்து இரும்பு இல்லை.

பிறகு கருவியே கம்பெனியில் இருந்து வர ஆரம்பித்தது. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டன் நகரத்து சில்லிங்டன் கம்பெனி முதலை முத்திரை போட்ட மண்வெட்டிகளைக் காலனி நாடுகளுக்கென்றே அடித்து அனுப்பியது. மலாயாவில் அதற்கு 'சாப் புவாயா' என்றே பெயர், புவாயா என்றால் முதலை. ரப்பர் தோட்டத் தமிழர்கள் நன்றாக அறிந்த முத்திரை. இந்தியாவில் 1920களில் ஜாம்ஷெட்பூரில் டாடாவின் அக்ரிகோ வந்தது. காருக்கும் லாரிக்கும் முன்னால் டாடா பெயரோடு கிராமத்துக்குள் போனவை மண்வெட்டியும் கடப்பாரையும்தான்! இவை நல்ல கருவிகள், அதில் சந்தேகம் வேண்டாம். ஒரே தகட்டில் அடித்து, வாயைப் பதப்படுத்தி, எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே தரம். ஆனால் களத்தில் நெல் பிரிக்கிற வழக்கம் தேய்ந்து, வரியும் கூலியும் காசாக மாறி, மேரையும் போனபிறகு, வாங்கிய கருவியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வாங்கியவர் தலையில் விழுந்தது.

இங்கேதான் ஒரகடம் மறுபடி கதைக்குள் வருகிறது. இன்று தமிழ்நாட்டில் மிச்சம் இருக்கிற பட்டறைகளில் நல்ல அரிவாளோ மண்வெட்டியோ எதில் அடிக்கிறார்கள் தெரியுமா? லாரியின் ஸ்பிரிங் பட்டையில். 2012-ல் ஒரகடத்தில் டைம்லர் லாரி ஃபாக்டரி திறந்தது, அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே எண்ணூரில் லேலண்ட் இருந்தது. இந்த லாரிகள் ஓடி ஓய்ந்து உடைந்ததும் பட்டை மட்டும் தனியாகப் புதுப்பேட்டை மாதிரி பழைய இரும்புச் சந்தைகளுக்கு வந்து எடைக்குப் போகும். டன் கணக்கில் பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிர்ந்த உருக்கு அது. அதில் கார்பன் சுமார் 0.55 சதவீதத்துக்கு மேல் இருக்கும். கதவு, கிரில் செய்கிற சாதாரண இரும்பில் இருப்பது அதில் பாதிகூட இல்லை.

அந்தக் கார்பன்தான் விஷயமே. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கினால் உருக்கு இறுகும். ஆனால் கண்ணாடி மாதிரி இறுகும், கல்லில் பட்டால் தெறித்துவிடும். அதனால் மறுபடி லேசாகச் சூடு காட்ட வேண்டும். தேய்த்த இடத்தில் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, நீலம். ஏறக்குறைய 230 டிகிரியில் தொடங்கி 300 டிகிரிக்குள் இத்தனை நிறமும் வந்து போய்விடும். கத்திக்கு ஒரு நிறத்தில் நிறுத்த வேண்டும், மண்வெட்டிக்கு வேறு நிறத்தில். தெர்மாமீட்டர் கிடையாது, கண்தான். இதைத்தான் 'பதம்' என்கிறார்கள். சாதாரண இரும்புத் தகட்டை வெட்டி வளைத்து பெயின்ட் அடித்த மலிவு மண்வெட்டியில் எத்தனை முறை முக்கினாலும் இந்தப் பதம் வராது, உள்ளே கார்பன் இருந்தால்தானே!

கடையில் நிற்கும்போது இதைக் கண்டுபிடிக்க முடியுமா என்றால், ஓரளவு முடியும். மண்வெட்டித் தகட்டைக் காதில் விரல் விட்டுத் தொங்கவிட்டுச் சுண்டினால் கணீர் என்று மணிபோல் கேட்க வேண்டும். 'தொப்' என்றால் எங்கோ விரிசல். வாயில் அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால், பதம் உள்ள உருக்கில் அரம் கொஞ்சம் வழுக்கும். வெண்ணெய் மாதிரி இறங்கினால் வைத்துவிட்டு வந்துவிடலாம். பெயின்ட் பளபளப்புக்கும் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை, சொல்லப்போனால் வெல்டு வைத்த இடத்தை மறைக்கத்தான் பெயின்ட் அதிகம் வேண்டும். காதும் தகடும் ஒரே துண்டாக இருப்பது நல்லது. வெல்டு என்றால் முதலில் விடுவது அந்த இடம்தான். பிடிக்குக் கருவேலம். இழை நுனியில் இருந்து அடிவரை நேராக ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் ஓங்கி வெட்டும்போது அந்த இடத்தில் முறியும். பழைய தச்சர்கள் கட்டையைக் கையில் உருட்டிப் பார்த்தே ஒதுக்கியது இதற்குத்தான்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது ரொம்பக் குறைவு, ஆனால் அதைத்தான் யாரும் செய்வதில்லை. வேலை முடிந்ததும் மண்ணைச் சுரண்டிக் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் துணியில் தொட்டுத் தடவி, தரையில் படாமல் மாட்டி வைப்பது. உரம் போட்ட அன்று இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், பொட்டாஷில் இருக்கிற உப்பு ராத்திரியோடு ராத்திரியாகத் துருவை வரவழைக்கும். வாய் மழுங்கினால் ஏற்கெனவே இருக்கிற சரிவிலேயே அரம் போட்டால் போதும். கிரைண்டரில் கொடுத்துத் தீப்பொறி பறக்கத் தேய்ப்பதுதான் பெரிய தப்பு. வாய் நீலமாக மாறினால் கொல்லர் கண்ணால் பார்த்து நிறுத்திய பதம் அத்தோடு போச்சு. இன்னொரு பழக்கம், பிடி ஆடினால் மண்வெட்டியைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போடுவது. அன்றைக்குக் கட்டை உப்பிப் பிடிக்கும். காய்ந்ததும் முன்பைவிட மோசமாக ஆடும், ஏனென்றால் உப்பிய கட்டை இரும்புக் காதுக்குள் நசுங்கியிருக்கும். ஆப்பு அடிப்பதுதான் வழி. பிடிக்கு வருஷம் ஒருமுறை எண்ணெய்.

அந்த வருஷம் ஒருமுறைக்கு ஏற்கெனவே ஒரு நாள் இருக்கிறது, ஆயுத பூஜை! மற்ற நாளெல்லாம் மூலையில் கிடக்கிற கடப்பாரையைக்கூட அன்று கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். ஃபாக்டரிகளில் ரோபோவுக்கும் லேத்துக்கும் சந்தனம் குங்குமம் வைப்பதும் அதே நாளில்தான்.

காமர்ஸ் ஆட்களுக்கு ஒரு சின்ன விஷயம். தேய்மானம் பாடத்தில் கட்டிடத்துக்கும் மெஷினுக்கும் சதவீதம் போடுவார்கள். 'லூஸ் டூல்ஸ்' எனப்படும் கைக்கருவிகளுக்கு மட்டும் மறுமதிப்பீட்டு முறை. வருஷக் கடைசியில் எடுத்துப் பார்த்து, இப்போது என்ன பெறும் என்று மதிப்பிட வேண்டும். காரணம் எளிது, ஒரே நாளில் வாங்கிய இரண்டு மண்வெட்டியில் ஒன்று பத்து வருஷம் வரும், இன்னொன்று ஒரு மழைக்காலத்தோடு போகும். ஊர்க் கொல்லர் வருஷா வருஷம் உலைக்கு முன்னால் செய்தது இந்த மறுமதிப்பீடுதான். இது இன்னும் தாங்கும், இதற்கு வாய் வைக்க வேண்டும், இது இனி மண்வெட்டிக்கு ஆகாது, களைக்கொட்டாக அடித்துவிடலாம் என்று.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் நிலம் பிளாட்டும் ஷெட்டுமாக மாறியதில் கொழு காய்ச்ச வருகிறவர் குறைந்துபோனார். கொழு வராத பட்டறைக்கு மண்வெட்டி வேலை மட்டும் சோறு போடாது. ஆனால் மண்வெட்டி மறையவில்லை. கம்பெனி வாசலில் புல்தரையும் செடியும் வளர்க்கிற கான்ட்ராக்ட் ஆட்கள் கையில் இருக்கிறது, ஷெட்டுக்குப் பின்னால் கீரைப் பாத்தி போட்டிருக்கிறவர்கள் கையில் இருக்கிறது. உடைந்தால் புதுசு வாங்குகிறார்கள். சில மாதங்களில் தமிழ்நாட்டு நெடுஞ்சாலை ஓரங்களில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கம் இருந்து வந்த குடும்பங்கள் கூடாரம் போட்டு, தரையிலேயே உலை மூட்டி, கணவன் குறட்டால் பிடிக்க மனைவி சம்மட்டி அடிக்க, பழைய ஸ்பிரிங் பட்டையில் கோடரியும் அரிவாளும் அடித்துத் தருவதைப் பார்க்கலாம். கண் முன்னாலேயே பதம் பார்த்துக் கொடுப்பார்கள், பேரம் பேசிக் காசு கொடுத்து வாங்கலாம். அடுத்த மாதம் வாய் மழுங்கி எடுத்துக்கொண்டு போனால் அந்த இடத்தில் கரியும் சாம்பலும்தான் இருக்கும்.